நாம் எடுத்த படங்களைக் கூடி உட்கார்ந்து பார்ப்பது எப்படி?

பட்டினப்பாக்கம் கடற்கரையில் ஒரு சாயங்காலம் எடுத்த படம் அது. ஏழெட்டு வயதுப் பையன், கையில் சுண்டல் பொட்டலம், அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறான். கேமரா நண்பர்களுக்கு அனுப்பினேன். ‘செம’, ‘சூப்பர் ப்ரோ’, ‘அருமை’, கைதட்டும் பொம்மைகள் என்று நாற்பது பதில்கள் வந்தன. சந்தோஷத்தில் பெரிதாக பிரிண்ட் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டினேன். ஊரிலிருந்து வந்த அத்தை அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கேட்டார்: “இந்தப் பையன் யாரைப் பார்த்துச் சிரிக்கிறான்?”

அவன் அப்பாவைப் பார்த்துத்தான். அப்பாவின் கை மேலேயிருந்து அவனை நோக்கி நீண்டிருந்தது. படம் சுத்தமாக இருக்கட்டும் என்று அந்தக் கையை நானே கிராப் செய்து, அதாவது படத்தின் ஓரத்தை வெட்டி, நீக்கியிருந்தேன்.

அத்தைக்கு லென்ஸ் தெரியாது, அப்பர்ச்சர் தெரியாது. படத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தார், புரியாததைக் கேட்டார். நாற்பது பாராட்டில் கிடைக்காதது அந்த ஒரு கேள்வியில் கிடைத்தது. அதற்கு அடுத்த மாதமே நண்பர்கள் சிலரைச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி உட்கார்ந்து ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துப் பேச ஆரம்பித்தோம். சில வருடங்களாக விடாமல் நடக்கிறது. அதில் கற்றுக்கொண்டதை இங்கே முறையாக எழுதி வைக்கிறேன். தொழிலாகச் செய்யாமல், ஆசைக்காகப் படமெடுக்கிறவர்களுக்கு இது.

இதில் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான். படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைக் கடைசியில் பேசுங்கள். படத்தில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பேசுங்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் இதை நடைமுறையில் கொண்டுவருவதற்காகத்தான்.

முதல் படி: ஆட்களைச் சேர்ப்பது

ஐந்து பேருக்குக் குறைந்தால் எல்லாரும் ஒரே மாதிரி பேச ஆரம்பித்துவிடுகிறோம். எட்டுப் பேருக்கு மேல் போனால் நேரம் போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆறு பேர், ஆளுக்கு மூன்று படம், படத்துக்கு எட்டு நிமிஷம் என்றால் 144 நிமிஷம். நடுவில் ஒரு டீ. இதற்கு மேல் உட்கார்ந்தால் கடைசியாகப் பேசப்படும் படங்களுக்கு அநியாயம் நடக்கும், ஏனென்றால் அதற்குள் எல்லாருக்கும் கண் களைத்துப் போயிருக்கும்.

ஒரே தரத்தில் இருப்பவர்களாகத் தேடிச் சேர்க்க வேண்டாம். பதினைந்து வருடம் கேமரா பிடித்தவரும், போனில் மட்டும் எடுப்பவரும் ஒரே அறையில் இருக்கட்டும். பறவை எடுப்பவர், தெரு எடுப்பவர், குடும்பத்தை மட்டும் எடுப்பவர் என்று கலந்திருந்தால் இன்னும் நல்லது. பறவை எடுப்பவர்கள் பின்னணியைப் பார்க்கிற கூர்மை எனக்கு இன்றுவரை வரவில்லை. முடிந்தால் படமே எடுக்காத ஒருவரையும் அவ்வப்போது அழையுங்கள். எங்கள் கூட்டத்துக்கு ஒரு நண்பரின் அம்மா வருவார். அவர் சொன்னதைக் கேட்டுத்தான் பல பேர் படத்தை மறுபடி எடுத்திருக்கிறார்கள்.

இடம் யாராவது ஒருவர் வீட்டு ஹால் போதும். டிவியில் போனையோ லேப்டாப்பையோ இணைக்க முடிய வேண்டும், பிரிண்ட்களைப் பரப்ப ஒரு மேசையோ பாயோ வேண்டும். நேரம் காலை பத்து மணி என்றால் பத்து மணி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருவர் நடத்துநர். அவர் கடிகாரத்தைப் பார்ப்பார், வரிசையை முடிவு செய்வார், பேச்சு திசை மாறினால் திருப்புவார். இந்தப் பொறுப்பு மாதாமாதம் கைமாறட்டும்.

இரண்டாம் படி: எந்தப் படத்தைக் கொண்டுபோவது

மூன்று படம் என்று சொன்னேன். மூன்றும் உங்களுடைய ‘பெஸ்ட்’ ஆக இருந்தால் நீங்கள் வருவது பாராட்டு வாங்கத்தான். அதில் தப்பில்லை, ஆனால் அதற்கு இவ்வளவு பேர் ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வரத் தேவையில்லை. நான் பிரித்துக்கொள்வது இப்படி: எனக்குப் பிடித்திருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்று, பிடித்திருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒன்று, சரியாக வரவில்லை என்று தெரிந்தும் அழிக்க மனசு வராத ஒன்று. மூன்றாவதுதான் பெரும்பாலும் அதிக நேரம் எடுக்கும். எதற்காக அதை அழிக்க மனசு வரவில்லை என்பதை மற்றவர்கள் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள்.

நேற்று எடுத்த படத்தைக் கொண்டுபோகாதீர்கள். அந்த இடத்தின் வெயில், சத்தம், அந்த ஆளோடு பேசிய பேச்சு எல்லாம் உங்கள் தலைக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அவை படத்தில் இல்லை, ஆனால் இருப்பதாக உங்களுக்குத் தோன்றும். இரண்டு வாரமாவது கிடப்பில் போட்டுவிட்டு எடுத்துப் பாருங்கள். பிலிம் காலத்தில் ரோல் முடிந்து, லேபுக்குக் கொடுத்து, பிரிண்ட் வாங்கி வருவதற்குள் இந்த இடைவெளி தானாகவே கிடைத்தது. இப்போது நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் செய்யுங்கள். தேர்ந்தெடுத்த படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த ஐந்தாறு ஃபிரேம்களை ஒரு தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்கள் கான்டாக்ட் ஷீட் என்று ஒன்று வைத்திருப்பார்கள்: ஒரு பிலிம் ரோலின் நெகட்டிவ் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே தாளில், நெகட்டிவ் அளவிலேயே பிரிண்ட் போட்டு, எது வேண்டும் என்று பென்சிலால் வட்டமிடுவார்கள். நீங்கள் எப்படி நகர்ந்தீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்பது அந்தத் தாளில் தெரியும். அந்த ஃபோல்டர் எவ்வளவு உதவும் என்பதைக் கீழே காசிமேட்டுப் படத்தில் பார்க்கலாம்.

அப்புறம், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கேள்வியை எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘இடது பக்கம் இருக்கும் ஆள் தேவையா?’, ‘கருப்பு வெள்ளையில் மாற்றியது சரியா?’ என்ற மாதிரி குறிப்பான கேள்வி. ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும்.

மூன்றாம் படி: ஃபைலையும் பிரிண்டையும் தயார் செய்வது

இது தொழில்நுட்ப வேலை, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். திரையில் காட்டுவதற்கு ஜேபெக் போதும். நீளமான பக்கம் 2048 பிக்சல், கலர் ஸ்பேஸ் (நிறங்களை ஃபைலில் குறிக்கும் முறை) எஸ்ஆர்ஜிபி. அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு முறையில் விட்டுவிட்டால் சில திரைகளில் நிறம் வெளிறித் தெரியும், அப்புறம் அரை மணி நேரம் நிறத்தைப் பற்றியே பேச வேண்டியிருக்கும். பார்டர் வேண்டாம், வாட்டர்மார்க் வேண்டாம். ஃபைல் பெயரில் உங்கள் பெயர் வேண்டாம். யார் எடுத்தது என்று தெரியாமல் பார்ப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்பட்டு விவரங்கள் குழைந்துவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும். ஆனால் அப்படிப் போகும்போது படத்தோடு பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலும் சேர்ந்தே போகும். உங்கள் வீட்டில் எடுத்த குழந்தை படமாக இருந்தால் வீட்டு இருப்பிடத்தையும் அனுப்புகிறீர்கள் என்று அர்த்தம். எக்ஸ்போர்ட் செய்யும்போதே அந்தத் தகவலை நீக்கிவிடுங்கள்.

போனில் பார்ப்பவர்கள் கண்ணுக்கு இதமாகத் திரையை மஞ்சளாக்கும் வசதியை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். வெளிச்சமும் ஓரளவு சமமாக இருக்கட்டும்.

முடிந்தவரை பிரிண்ட் போடுங்கள். எனக்கு இதில் பிடிவாதம் உண்டு. 6×4 அங்குல பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் 1800×1200 பிக்சல் போதும். இன்றைய ஸ்மார்ட்போன்களில் அதைவிடப் பெரிய படம்தான் வருகிறது. பிரிண்ட் கையில் இருக்கும்போது எல்லாரும் ஒரே வெளிச்சத்தில் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள். யாரும் இரண்டு விரலால் ஜூம் செய்து கண் இமையைத் தேட மாட்டார்கள். மேசையில் பத்துப் படத்தைப் பரப்பினால் எது எதோடு சேர்கிறது என்பது உடனே தெரியும்.

பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் கெட்டி அட்டையை ‘ட’ போல இரண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி இரண்டையும் பிரிண்ட் மேல் எதிரெதிரே வைத்தால் ஒரு சட்டம் கிடைக்கும். அதை நகர்த்தி நகர்த்தி எந்த கிராப்பையும் சோதிக்கலாம். எங்கள் கூட்டத்தில் கிராப் பற்றிய வாக்குவாதங்கள் பெரும்பாலும் இந்த அட்டைத் துண்டுகளால்தான் முடிந்திருக்கின்றன.

நான்காம் படி: பார்ப்பது

படம் திரையில் வந்ததும் ஒரு நிமிஷம் யாரும் பேசக் கூடாது. முதல் தடவை அந்த ஒரு நிமிஷம் தாங்க முடியாத நீளமாக இருக்கும். இருபது விநாடியில் பார்த்து முடித்துவிட்டோம் என்று தோன்றும். மீதி நாற்பது விநாடியில்தான் ஓரங்களைக் கவனிப்போம்.

அடுத்து விவரிப்பது. ஒவ்வொருவரும் படத்தில் இருப்பது ஒன்றைச் சொல்ல வேண்டும். அபிப்பிராயம் கூடாது, பார்த்ததை மட்டும். எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. இது எப்படி நடக்கும் என்று காட்ட, எங்கள் கூட்டத்தில் நடந்த ஒன்றை அப்படியே தருகிறேன். எடுத்தவர் போனில் மட்டும் எடுக்கும் ஒரு பெண். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை எடுத்த படம்.

“ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க. கையில மூணு விரல் காட்டுறாங்க.”

“முன்னால வஞ்சிரம், நாலு.”

“பின்னால நீலத் தார்ப்பாய்.”

“வாய் திறந்திருக்கு. யார்கிட்டயோ சத்தமா பேசுறாங்க.”

“வலது மேல் மூலையில ஒரு பல்பு எரியுது. சார், எனக்கு முதல்ல கண்ணு அங்கதான் போச்சு.”

“எனக்கும்தான் தம்பி. பல்பைப் பார்த்துட்டு அப்புறம்தான் விரலுக்கு வந்தேன்.”

“இடது ஓரத்துல ஒரு லுங்கி, பாதிக் கால். விரல் அவருக்குத்தான் காட்டுறாங்களோ?”

இவ்வளவுதான். நல்லது கெட்டது என்று ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் எடுத்தவரின் முகம் மாறிவிட்டது. அவர் மீன்களைத்தான் எடுத்திருந்தார். செதில்களில் பட்ட வெளிச்சத்துக்காகவே குனிந்து எடுத்ததாகப் பிறகு சொன்னார். ஏழு பேரில் ஒரே ஒருவர்தான் மீனைப் பற்றிப் பேசினார், அதுவும் எண்ணிக்கையை. மற்றவர்களில் பலர் அந்த மூன்று விரலையும், அது யாருக்கு என்பதையும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய ஃபோல்டரைத் திறந்து அக்கம்பக்கத்து ஃபிரேம்களைப் பார்த்தோம். இரண்டு ஃபிரேம் தள்ளி ஒரு படம் இருந்தது. லுங்கிக்காரர் ஒரு அடி முன்னால் வந்திருக்கிறார். அவருடைய கை இடது பக்கத்திலிருந்து நோட்டுக்களோடு உள்ளே நீள்கிறது. அவர் நகர்ந்ததால் எடுத்தவரும் கொஞ்சம் விலகியிருக்கிறார், பல்பு ஒரு கம்பத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அந்த அம்மாவின் விரல் மூன்றிலிருந்து இரண்டாக இறங்கிக்கொண்டிருக்கிறது. “மீன் மறைஞ்சிடுச்சேன்னு இதை ஒதுக்கிட்டேன் அக்கா” என்றார்.

விவரிப்பது முடிந்தபோது படம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. விமர்சனத்துக்கு அங்கே பெரிய வேலை மிச்சமில்லை.

ஐந்தாம் படி: சொல்வது

விவரித்த பிறகு, என்ன உணர்ந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு, படத்தின் எந்த இடம் அதை உண்டாக்கியது என்பதைச் சொல்லுங்கள். யோசனை அதற்கும் அடுத்துத்தான். ‘பேக்ரவுண்ட் சரியில்லை’ என்பது தீர்ப்பு. அதை வைத்துக்கொண்டு எடுத்தவர் எதுவும் செய்ய முடியாது. ‘பாட்டியின் முகத்தைப் பார்க்கிறபோதெல்லாம் பின்னால் இருக்கும் சிவப்பு பக்கெட் என் கண்ணை இழுக்கிறது’ என்றால் அவர் அடுத்த தடவை ஒரு அடி தள்ளி நிற்பார். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று தோன்றினால், படத்தின் மேல் விரலை வைத்து எந்த இடம் என்று காட்ட முடிகிறதா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். காட்ட முடியவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் பாருங்கள்.

பாராட்டுக்கும் இதே விதிதான். ‘லைட்டிங் சூப்பர்’ என்பது யாருக்கும் உதவாது. ‘ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் மட்டும் விழுந்து காது இருட்டில் போவதால் அவர் எதையோ கேட்காமல் யோசிப்பது போலத் தெரிகிறது’ என்று சொன்னால், எடுத்தவர் தனக்கே தெரியாமல் செய்த நல்ல காரியத்தை இனித் தெரிந்து செய்வார்.

அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990களில் கலைஞர்களுக்காக நான்கு கட்டமாக ஒரு முறையை உருவாக்கினார். பார்த்தவர்கள் தங்களுக்கு மனதில் நின்றதை முதலில் சொல்ல வேண்டும். அடுத்து, படைத்தவர் கேள்வி கேட்க வேண்டும். மூன்றாவது, பார்த்தவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை உள்ளே ஒளித்து வைக்காத கேள்விகளைக் கேட்க வேண்டும். கடைசியில், ‘இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, கேட்க விருப்பமா?’ என்று அனுமதி வாங்கிச் சொல்ல வேண்டும். நாங்கள் இதை அப்படியே பின்பற்றுவதில்லை, ஆனால் அந்தக் கடைசி அனுமதியை எடுத்துக்கொண்டோம். கேட்டுவிட்டுச் சொன்னால் அதே வார்த்தை வேறு மாதிரி காதில் விழுகிறது. அம்மா தவறிய மாதம் எங்களில் ஒருவர் அம்மாவின் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். ‘இன்னிக்கு வேண்டாம்’ என்றார். எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனோம்.

தொழில்நுட்பக் குறைகளைச் சொல்லும்போது காரணத்தோடு சொல்லுங்கள். படம் ஷார்ப்பாக இல்லை என்பதற்கு மூன்று காரணம் இருக்கலாம். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. நின்ற பொருள் தெளிவாகவும் ஓடிய ஆள் மட்டும் கலங்கலாகவும் இருந்தால் ஷட்டர் திறந்து மூடும் வேகம் போதவில்லை. முகம் கலங்கி, பின்னால் இருக்கும் சுவர் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. கை ஆடுவதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 200 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் ஷட்டர் 1/200 விநாடிக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. இன்றைய லென்ஸ்களில் இருக்கும் நடுக்கம் தாங்கும் வசதியால் இதைவிட மெதுவான வேகத்திலும் எடுக்கலாம், ஆனால் அது உங்கள் கையைத்தான் தாங்கும், ஓடும் பிள்ளையை நிறுத்தாது.

நம் ஊர்ப் படங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பிரச்சினையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உச்சி வெயில், வெள்ளை வேட்டி, கறுத்த உடம்பு. வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர், தான் பார்க்கும் காட்சியைச் சராசரிச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். ஃபிரேம் முழுக்க வேட்டியாக இருந்தால் படத்தை இருட்டாக்கும், முகம் கரியாகிவிடும். இருட்டுப் பின்னணியில் கறுத்த முகமாக இருந்தால் அளவுக்கு மீறி வெளிச்சமாக்கும், தோல் சாம்பல் பூத்தது போலாகிவிடும், வேட்டி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வேட்டியின் மடிப்புகள் ஒரு தடவை எரிந்து போனால் எடிட்டில் திரும்ப வராது. வேட்டிக்குத் தகுந்த மாதிரி எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, குறைத்து ராவில் (கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் ஃபைல்) எடுத்துவிட்டு, பிறகு முகத்தைக் கொஞ்சம் தூக்கலாம்.

அந்தக் ‘கொஞ்சம்’ என்ற இடத்தில்தான் எனக்கு மனசு பதறுகிறது. ஷேடோவை, அதாவது இருண்ட பகுதிகளை, தூக்குகிறோம் என்று ஆரம்பித்து, வயலில் நிற்கும் மனிதரின் நிறத்தையே மாற்றிவிடுகிறோம். பல போன்களில் இருக்கும் ‘பியூட்டி’ வசதி கேட்காமலே இதைச் செய்கிறது. அவருடைய தோலின் கருப்பில் நீலமும் செம்பும் கலந்த ஒளி இருக்கிறது. வேர்வை பட்டால் அது மின்னும். அதை வெளுத்துவிட்டு ‘இப்போ முகம் கிளியரா இருக்கு’ என்று சொல்வதை எங்கள் கூட்டத்தில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு படத்தில் தோல் நிறம் மாறியிருப்பதாகத் தோன்றினால் தயங்காமல் கேளுங்கள்: நேரில் இப்படித்தான் இருந்தாரா?

எடிட் செய்தாலே போட்டோ இல்லை என்று வாதாடுகிறவர்களும் வருவார்கள். 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் தன் காகித நெகட்டிவ்களில் வெறுமையாகத் தெரிந்த வானத்துக்குக் கையாலேயே மேகம் தீட்டிச் சேர்த்தவர். ஆகவே இந்த வாதம் நம் ஊர்ப் போட்டோவின் வயதளவு பழையது. எடிட் உண்டா இல்லையா என்பதை விட்டுவிட்டு, இந்த எடிட் இந்தப் படத்துக்கு என்ன செய்கிறது என்று பேசினால் நேரம் மிச்சமாகும்.

மூன்றில் ஒரு பங்கு விதி (ஆளை நடுவில் வைக்காமல், ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைக்கச் சொல்வது), கண்ணை இழுக்கும் கோடுகள் போன்றவற்றைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வராதீர்கள். ஆள் நடுவில் நிற்பது குறையாகத் தெரிந்தால், நடுவில் நிற்பதால் என்ன ஆகிறது என்று சொல்லுங்கள். எதுவும் ஆகவில்லை என்றால் அவர் நடுவிலேயே நிற்கட்டும்.

ஆறாம் படி: கேட்டுக்கொள்வது

உங்கள் படத்தைப் பற்றிப் பேசும்போது கையில் நோட்டும் பேனாவும் இருக்கட்டும். எழுதிக்கொண்டிருந்தால் பதில் சொல்லத் தோன்றாது. ‘அங்கே நிற்க இடமில்லை’, ‘போலீஸ் விரட்டினார்’, ‘மழை வரப் போகிறது’ என்று நமக்கு ஆயிரம் காரணம் இருக்கும். படம் சுவரில் தொங்கும்போது அதன் பக்கத்தில் நின்று இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. எல்லாரும் பேசி முடித்ததும் மடித்து வைத்த கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள். கடைசியில் இரண்டு நிமிஷம் உங்களுக்கு.

எதை ஏற்பது, எதை விடுவது? மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. ஒருவர் மட்டும் சொன்னால் குறித்து வையுங்கள், ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். பெரும்பாலும் மற்றவர்கள் காட்டுகிற இடம் சரியாக இருக்கும், சொல்கிற மருந்து தவறாக இருக்கும். காசிமேட்டுப் படத்தில் பல்பைக் காட்டினார்கள், அது சரி. கிராப் செய்துவிடு என்று இருவர் சொன்னார்கள். செய்திருந்தால் தார்ப்பாயோடு சேர்ந்து அந்த விடியற்காலையே போயிருக்கும்.

வீட்டுக்குப் போனதும் அன்றே எடிட்டைத் திறக்காதீர்கள். மனம் புண்பட்டிருந்தால் அதை ஒப்புக்கொண்டு தூங்கிவிடுங்கள். நான்கைந்து நாள் கழித்து நோட்டைப் பிரித்தால், கோபம் வந்த வரிகளில் பாதி உண்மையாகத் தெரியும். மீதிப் பாதியை நிம்மதியாக அடித்துவிடலாம்.

படத்தில் இருப்பவர்கள்

அறையில் இல்லாத ஒருவரைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர் படத்தில் இருக்கிறார். பிளாட்பாரத்தில் தூங்குகிறவர், ஆஸ்பத்திரி வாசலில் அழுகிறவர், குளிக்கிற குழந்தை: இவர்கள் படம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், ‘இவருக்கு இந்தப் படம் இங்கே காட்டப்படுவது தெரிந்தால் என்ன சொல்வார்?’ என்ற கேள்வியை யாராவது எழுப்ப வேண்டும். நடத்துநரின் கடமைகளில் இதையும் சேர்த்துவிட்டோம். குழந்தைகள் படத்துக்குப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எங்கள் மேசைக்கு இடமில்லை.

பறவைகளுக்கும் அப்படித்தான். கூட்டுக்கு நெருங்கிப் போய் எடுத்த படங்களை நாங்கள் பார்ப்பதில்லை. தெளிவாகத் தெரிய வேண்டும் என்று இலையையும் கிளையையும் விலக்கினால் குஞ்சுகள் வெயிலிலும் காக்கையின் கண்ணிலும் படும். அரிதான பறவை எங்கே இருக்கிறது என்பதை வெளியே சொல்லாமல் இருப்பதும் நல்லது.

ஒருவர் படத்தை மற்றவர் வெளியே அனுப்பக் கூடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கூலி வாங்காமல் தன் ஆசைக்கு எடுத்த படம் எடுத்தவருக்கே சொந்தம். அவருடைய படத்தை நீங்கள் எடிட் செய்து காட்ட விரும்பினால் முதலில் கேளுங்கள். சிலருக்கு அது பாடம், சிலருக்கு அது தன் சட்டையை இன்னொருவர் போட்டுக்கொண்ட மாதிரி.

கூட்டம் தடுமாறும்போது

பேச்சு கேமரா மாடலுக்கும் லென்ஸ் விலைக்கும் போனால், அதை டீ நேரத்துக்குத் தள்ளிவிடுங்கள். ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் வட்டமாக வரிசை வைத்து, முறை வந்தால்தான் பேச வேண்டும் என்று ஆக்குங்கள். வயதிலும் அனுபவத்திலும் குறைந்தவர் முதலில் பேசட்டும். பெரியவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் ‘சார் சொன்னதுதான்’ என்று முடித்துக்கொள்வார்கள். நம் ஊரில் மரியாதை அப்படி வேலை செய்கிறது.

நேரில் கூட முடியாத மாதங்களில் வாய்ஸ் நோட் அனுப்புங்கள், எழுத்தைவிட அதில் குரலின் பரிவு போய்ச் சேரும். மூன்றே வாக்கியம்: என்ன பார்த்தேன், என்ன உணர்ந்தேன், எந்த இடத்தில் நின்றேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு படம்.

முக்கியமாக, ஒரே விஷயத்தைத் திரும்பப் போய் எடுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். காசிமேட்டுப் பெண் அப்படி நான்கு தடவை போனார். ஐந்தாவது தடவை, நாங்கள் தேர்ந்தெடுத்த அந்த ஃபிரேமை 6×4 பிரிண்ட் போட்டு அந்த அம்மாவிடமே கொடுக்க எடுத்துப்போனார். ஏலம் முடிந்து ஐஸ் உருகிக்கொண்டிருந்த நேரம். அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி, விடியல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. இடது ஓரத்தில் நோட்டோடு நீளும் கையைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு, “மோதிரத்தைப் பாரு கண்ணு, அன்னிக்கு அடகுல இருந்து மீட்டு வந்து போட்டிருந்தாரு” என்றார்.

ஏழு பேர், இரண்டு கூட்டம், அவ்வளவு நேரம் பார்த்தோம். அந்த மோதிரத்தை நாங்கள் யாரும் சொல்லவில்லை.